தலையணைக் கூன்

பழைய பேய்க்கதைகளில் நூறு அறையுள்ள கோட்டைக்கு ஒரேயொரு வேலைக்காரன்தான் இருப்பான். கூனன். கதவு திறப்பதும் அவன், புதைகுழி தோண்டுவதும் அவன், குதிரைக்குப் புல் போடுவதும் அவன். ஒட்டடை மட்டும் அடிக்கமாட்டான், நேரம் எங்கே? கடைசியில் ஊர்ச்சனம் தீப்பந்தத்தோடு வரும்போது எசமான் பின்கதவால் போய்விடுவார். வாசலில் அகப்படுவது இவன்.

யுத்த காலத்தில் இதையெல்லாம் கிண்டலடித்து, கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய மண்டபத்துக்கு நாடகம் எழுதினேன். எழுதியவன் என்ற உரிமையில் பிரபு வேடம் எனக்கு. கூனனாக நடித்தவன் வெள்ளவத்தையில் என் அறைத்தோழன். கப்பல் கம்பனியில் கிளார்க். நான் கொழும்பில் பிறந்தவன். அவனுடைய அடையாள அட்டை யாழ்ப்பாணத்தது. அந்த நாட்களில் அது சின்ன வித்தியாசம் அல்ல.

ஒத்திகையில் கூன் வழுக்கி வழுக்கி இடுப்புக்கு வந்தது. ஆகவே சின்னத் தலையணை ஒன்றை அவனுடைய பெனியனோடு சேர்த்துத் தைத்தோம். நாடகத்தன்று, "இங்கயிருந்தே போட்டுக்கொண்டு வா. நடந்து பழகினாத்தான் இயல்பா வரும்" என்றேன். நடிப்பைப் பற்றிப் புத்தகங்கள் வாசித்திருந்தேன்.

"பஸ்ஸில சனம் சிரிக்கும், மச்சான்."

"சிரிக்கட்டும். ஓசி ஒத்திகை."

வழியில், கடலோரச் செக் பொயின்ற்றில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். உடம்பில் குண்டு கட்டியிருக்கிறார்களோ என்று நாடே சட்டைகளை உற்றுப் பார்த்த காலம். முதுகு புடைத்த ஒருவனை யாழ்ப்பாண அட்டையோடு நான் அந்த வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

துவக்குகள் அவன் பக்கம் திரும்பின.

"மேக்க மொக்கத?" இது என்ன என்று ஒரு சிப்பாய் முதுகைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டான்.

"கொட்டயக், மாத்தயா," என்றான் இவன், கைகளை உயர்த்தியபடி. தலையணை. உண்மைதான். ஓர் உண்மை அவ்வளவு பொய்யாக ஒலித்து நான் கேட்டதில்லை.

யாரோடு வந்தாய் என்று கேட்டார்கள். அவன் என்னைத் தாண்டிக் கடலைப் பார்த்தான்.

"தனியம ஆவே."

தனியாகத்தான் வந்தானாம். நான் வாயைத் திறந்திருக்கலாம். கொழும்பு அட்டை, தடங்கலில்லாத சிங்களம், பைக்குள் நாடகப் பிரதி, எல்லாம் என்னிடம் இருந்தன. பஸ் ஹோர்ன் அடித்தது. ஏறிவிட்டேன். பின்கதவால்.

மண்டபத்தில் ஃபாதரிடம் சொன்னேன். அவர் உடனே காரை எடுத்துக்கொண்டு போனார். நான் பிரபுவாக உட்கார்ந்தேன். இரத்தம் வற்றிய முகம் வேண்டும் என்று பவுடரோடு வந்த ஒப்பனைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினார்.

முதல் காட்சியை அவனில்லாமலே ஓட்டினோம். இரண்டாவதில் கதவு திறந்தது. அவன்தான். பெனியன் கிழிந்து, தலையெல்லாம் இலவம்பஞ்சு. உதடு வீங்கியிருந்தது, சனம் அதை மேக்கப் என்று நினைத்தது. கூன் போய்விட்டது, ஆனாலும் வளைந்தே நின்றான்.

"பிந்திப்போச்சு பிரபுவே, மன்னியுங்கோ."

நான் எழுதிய வசனம்தான். மண்டபம் சிரித்தது. பிரதிப்படி இப்போது நான் அவனை உதைக்க வேண்டும். கால் எழும்பவில்லை.

அவன் குனிந்தபடியே முணுமுணுத்தான்: "உதை மச்சான், சனம் பாக்குது."

உதைத்தேன். அன்றைக்கு அதற்குத்தான் பெரிய கைதட்டல்.