ஜெபராஜ் சார் கொண்டுவந்த சாம்பிள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை அச்சகத்தில் மை கலக்கிக்கொண்டிருந்தபோது, ஜெபராஜ் சார் இறந்துவிட்டதாக பைண்டர் முருகேசன் வந்து சொன்னார். யார் சொன்னது என்று கேட்டேன். டீக்கடையில் பேசிக்கொண்டார்கள் என்றார். நான் நம்பவில்லை. சார் அறிவியல் பாடம் எடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். வாட்ச்மேன் ஆமாம் என்றார். அதுவும் போதவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். வாசலில் பழைய ஜீப் நின்றது. அதன் ஏரியல் கம்பியில் யாரோ கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். அப்புறம்தான் நம்பினேன்.

என் புத்தி அப்படி. இந்த நினைவு மலரை அச்சடிப்பவன் என்பதால் எனக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அவரிடம் படித்தவர்களும் அவரோடு ரேடியோவில் பேசியவர்களும் அவருடைய நல்ல குணங்களை எழுதுவீர்கள். நான் அவரைச் சந்தேகப்பட்ட கதையைத்தான் எழுத முடியும்.

செல்போன் முதலாளிமார் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம் அது. பட்டாசு லேபிள் அடிப்பது என் தொழில். ஆனைக்குட்டத்துக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டுக்குள் லைசென்ஸ் இல்லாத பட்டாசு ஷெட் ஒன்று ஓடியது. அவர்களுக்கும் நான்தான் லேபிள் அடித்துக் கொடுத்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் காட்டுக்குள் பாதையே இல்லாத இடத்தில் ஒரு வாத்தியார் ஜீப்பில் ஆளுயரக் கம்பியோடு ஞாயிறுதோறும் திரிகிறார் என்று லோடு வண்டி டிரைவர் வந்து சொன்னார். ஷெட்களை வேவு பார்த்து மேலே சொல்லுகிற ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒருநாள் வழியில் மறித்துக் கேட்டேன். "சார், காட்டுக்குள்ள அப்படி என்ன சோலி?"

"ஊருக்குள்ள கரண்டு கம்பி இரைச்சல் அண்ணாச்சி. அங்கன போனாத்தான் ரேடியோச் சத்தம் தெளிவாக் கெடைக்கும். ஹாம் லைசென்சுக்குப் பரீட்சை எழுதிப் பாஸாயிட்டேன். போலீஸ் விசாரணை முடிஞ்சு காயிதம் வரணும். அதுவரைக்கும் கேக்கத்தான் செய்யலாம், பேசக் கூடாது."

சொந்த ரேடியோவில் உலகத்தில் யாரோடும் பேச அரசாங்கம் லைசென்ஸ் தரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். காசு பார்க்காத வேலைக்கு ஒரு மனுஷன் பரீட்சை எழுதுவானா? சந்தேகம் இரண்டு மடங்கானது.

அன்று சாயங்காலமே மொட்டைக் கடுதாசி எழுதினேன். மேற்படி நபர் சங்கேத ஒலியில் அந்நியர்களோடு தொடர்பு வைத்திருக்கிறார், காட்டில் ரகசியமாகத் திரிகிறார் என்று இரண்டு பிரதி. ஒன்று போலீசுக்கு, மற்றொன்று அவருடைய தலைமையாசிரியருக்கு. எழுத்து அடையாளம் தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். அவ்வளவு யோசித்தவனுக்குத் தாளைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. அச்சகக்காரன் வீட்டில் யாரும் வெள்ளைத்தாள் விலைக்கு வாங்குவதில்லை. மளிகைச் சீட்டிலிருந்து பிள்ளைகளின் ரஃப் நோட்டு வரை எல்லாம் லேபிளில் கழித்த தாள்தான். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு, இடது ஓரத்தில் லேபிளின் பச்சை மை ஒரு நூலளவு.

இரண்டு தீபாவளி சீசன் போனது. அவருக்கு லைசென்ஸ் வரவில்லை.

அந்த இடைவெளியில் ஒரு மழைக்காலத்தில், மல்லாங்கிணறு பக்கம் கரிசல் சேற்றில் அவர் ஜீப் அச்சு வரை புதைந்துவிட்டது. கையில் செட் இருந்தது. விருதுநகரில் அவருடைய ரேடியோ நண்பர் ஒருவரும் இருந்தார். ஒரு வார்த்தை பேசியிருந்தால் டிராக்டர் வந்திருக்கும். சார் பேசவில்லை. செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது. வெறுங்காலோடு ரோட்டுக்கு நடந்தே வந்தார். வழியில் கருவேலமுள் ஏறியது. சர்க்கரை உடம்பு. கடைசியில் இடது காலில் ஒரு விரலை எடுத்தார்கள். பார்க்கப் போன முருகேசன், "பேசித் தொலைய வேண்டியதுதானே சார்?" என்று கேட்டாராம். "காயிதம் இல்லாம பேசினா, என்னப் பத்தி எழுதுனவரு சொன்னது நெசமாயிருமே" என்றாராம் சார்.

இதைக் கேட்ட அன்றும் எனக்கு இரக்கம் வரவில்லை, வெட்கமாக இருக்கிறது சொல்ல. 'எழுதுனவரு' என்றாரே, யாரென்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்றுதான் மனசு குடைந்தது.

ஒருவழியாக லைசென்ஸ் வந்தது. அடுத்த வாரமே சார் என் அச்சகத்தில் வந்து நின்றார். கால் லேசாக இழுத்தது. ஹாம்காரர்கள் ஒருவரோடு பேசியதும், பேசியதற்கு அத்தாட்சியாகத் தபாலில் ஒரு கார்டு அனுப்பிக்கொள்வார்களாம். அதை அச்சடிக்க வேண்டும் என்றார். சட்டைப்பையிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டுத்தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதே பேப்பர்ல அடிச்சுத் தாங்க அண்ணாச்சி."

சொரசொரப்புப் பக்கம் மேலே இருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் பச்சை. "இது லேபிள் பேப்பர் சார், கார்டுக்கு நிக்காது" என்றேன்.

"அட்டையில ஒட்டிக் குடுங்க. உங்க பேப்பரு நல்லா ஒட்டும்."

என் மகள் அவரிடம்தான் பத்தாம் வகுப்பு படித்தாள். துண்டு அவளுடைய ரஃப் நோட்டிலிருந்து கிழித்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வழக்கப்படி சாம்பிளை அந்த ஆர்டரின் கவரில் போட்டு அலமாரியில் வைத்தேன். கார்டு அடித்துக் கொடுத்தேன்.

பிறகு பல முறை தன்னோடு காட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். ஒரே ஒரு முறை, ஆழம் பார்க்கலாம் என்று ஜீப்பில் ஏறினேன். ஆனைக்குட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கியது வண்டி. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் நான்கு விரல் கால் என் கண்ணில் பட்டது. அந்த ஷெட்டின் கூரை தெரிகிற இடத்திலேயே நிறுத்தி, மைக்கை எடுத்தார். எங்கோ இருந்த ஒருவரிடம் காற்று, வெயில், சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. மைக்கை வைத்த பிறகு சொன்னார்: "இதுல யாவாரம், அரசியல், மதம் பேசக் கூடாது அண்ணாச்சி, சட்டம். அடுத்தவன் பேசினது காதுல விழுந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. அதுவும் சட்டம்." சொல்லிவிட்டு ஷெட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மறுநாளே அந்த ஷெட்டுக்கு லேபிள் அடிப்பதை நிறுத்தினேன். பயத்தில்தான் நிறுத்தினேன், திருந்தி அல்ல.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய மனைவி அச்சகத்துக்கே வந்து ஒரு உறையைக் கொடுத்தார். "பெட்டிக்குள்ள உங்க பேரு எழுதி வச்சிருந்தாக. நான் பிரிச்சுப் பாக்கல" என்றார்.

உள்ளே தலைமையாசிரியருக்கு நான் அனுப்பிய மொட்டை மனு. அவர் அதைச் சாரிடமே கொடுத்திருக்க வேண்டும். இடது கை எழுத்து. அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டியெடுத்திருந்தது.

அலமாரியைக் குடைந்து பழைய கவரைத் தேடினேன். துண்டை எடுத்து மனுவின் கீழே வைத்தேன். பச்சைக் கோடு பிசிறில்லாமல் சேர்ந்தது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தைத்தான் வெட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்திருக்கிறார் மனுஷன். அது அத்தனை வருஷம் என் அலமாரியிலேயே காலியாகக் கிடந்திருக்கிறது.

என்னை மன்னித்துத்தான் கொடுத்தாரா, நானாக வந்து சொல்லுகிறேனா என்று காத்திருந்தாரா? எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவனுக்கு, சந்தேகம் தீர்க்கும் ஆள் போய்விட்டார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏரியல் கம்பியைக் கண்டு பயந்த எனக்கு, எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் பேச வாய் வரவில்லை.

அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்த மனுவும் துண்டும்தான். நேற்று இரண்டையும் பசை போட்டு ஒட்டினேன். காய்ந்த பிறகு, அந்தக் காலி இடத்தில், வலது கையால் என் பெயரை எழுதினேன். இங்கேயும் எழுதுகிறேன்.

ச. தங்கப்பாண்டியன்
சிவகாசி