நம்பர் கரைந்த பந்தயம்

துரைசாமி அண்ணன் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னார். ஒரு சைக்கிள் பந்தயத்தில் யார் முதலில் வந்தது என்று தெரியாமலே மைக்கைப் பிடித்து ஒரு பெயரைச் சொன்னார். பன்னிரண்டு வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுத வைத்ததும் அவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பந்தயத்தில் யாரோ எடுத்த போட்டோ ஒன்றைப் போட்டார். நல்ல மழை. சைக்கிளில் ஒருவன் எல்லையில் கட்டிய துணிக் கயிற்றை நெஞ்சால் இடிக்கிறான். தலையில் பாலித்தீன் பை, அது மூக்குவரை இறங்கியிருக்கிறது. சட்டையில் நீலக் கறை. கீழே "ஆருன்னு தெரீதா?" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை இரண்டு.

பெரிதாக்கிப் பார்த்தேன். அது நானா, என்னோடு வேலை பார்த்த அருளா என்று எனக்கே தெரியவில்லை. தன் உடம்பையே அடையாளம் தெரியாத ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மனைவியிடம் காட்டினேன். "காலு உங்குளுது மாதிரிதான் இருக்குதுங்க. ஆனா தொப்பையக் காணமே" என்றாள்.

அண்ணன் அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் பிரிண்டிங் யூனிட் வைத்திருந்தார். பனியன்களில் படம் அடிக்கிற வேலை. சாய பேஸ்ட்டில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். குளித்தாலும் போகாது, சோற்றில்கூட அடிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாடை வந்தால் என் கை தானாக ஸ்கிரீனை, அந்த அச்சுச் சட்டத்தை, தேடும். ஒரு ஸ்கிரீனுக்கு இரண்டு பேர். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அருள்ராஜ். சாயம் வழிக்கிற கட்டையை நான் தள்ளுவேன், அவன் வாங்கி இழுப்பான். நான் சேவூர்க்காரன். அவன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். மூன்று வருடம் நாள் முழுக்க எதிரும் புதிருமாக நின்றோம். அவன் முகத்தை என் முகத்தைவிட அதிகம் பார்த்திருக்கிறேன்.

பந்தயம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. எங்கள் ஆட்களுக்கு மட்டும். அவிநாசிபாளையத்திலிருந்து குண்டடம் போய்த் திரும்ப வேண்டும். வேலைக்கு வரும் அதே சைக்கிள்தான். ஆளுக்கொரு டீசர்ட், கலர் சரியில்லை என்று திரும்பி வந்த சாம்பல் நிறச் சரக்கு. அதில் நம்பர் அடிக்கச் சொன்னார். எனக்குப் பதினேழு, அருளுக்குப் பன்னிரண்டு.

அடித்த சாயம் துணியைப் பிடிக்க வேண்டுமென்றால் சூட்டு மிசினுக்குள் விட்டு எடுக்க வேண்டும். க்யூரிங் என்போம். ஆனால் அண்ணனுக்கு நம்பர் ஞாபகம் வந்ததே பூஜை முடிந்த பிறகுதான். மிசின் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி நின்றது.

"க்யூரிங் போடலீன்னா தண்ணி பட்டா ஓடீருமுங்ணா" என்றேன்.

"பூசை போட்ட மிசின ஓட்டக் கூடாது கண்ணு. வெயில்ல காஞ்சா போதும். நாளைக்கு எங்க தண்ணி படுது?"

பொட்டு வைக்காமல் விட்ட ஸ்கிரீன் ஒன்று மூலையில் இருந்தது. அதை வைத்து நானும் அருளும் அடித்தோம். சாயம் நிற்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் அடித்தோம். தொழில் தெரிந்தவர்களின் லட்சணம் அது.

காலையில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிக் கிளம்பினோம். குண்டடத்தில் திரும்பும்போது மழை பிடித்தது. சும்மா மழையில்லை, எதிர்க்காற்றோடு. காற்றாலைகள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஹேண்டில்பாரில் வைத்த குங்குமம் கரைந்து கையெல்லாம் சிவப்பு. அடிபட்டுவிட்டதோ என்று ஒரு நிமிடம் பயந்தேன். பனியன் அடைக்கிற பாலித்தீன் பையை எல்லோரும் பாக்கெட்டில் வைத்திருந்தோம். எடுத்துத் தலையில் மாட்டினோம். அதோடு முகமும் போயிற்று.

கடைசியில் முன்னால் இருந்தது நானும் அருளும்தான். கொஞ்ச தூரம் நான் முன்னால் போய் எதிர்க்காற்றை வாங்குவேன், அவன் என் பின்னால் ஒட்டி வருவான். பிறகு அவன் முன்னால் போவான். ஸ்கிரீன் இழுக்கிற மாதிரியேதான்.

"மக்கா, ஒன் நம்பரு அழுதுக்கிட்டு வருதுல" என்று கத்தினான்.

"உன்றது மட்டும் சிரிக்குதாக்கும்" என்றேன்.

எல்லை வந்தபோது மழை கண்ணுக்குள் குத்தியது. கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். ஈரத்துணி ஒன்று நெஞ்சில் பட்டது. பட்டதா? பட்டது என்றுதான் பன்னிரண்டு வருடமாக நினைக்கிறேன். கண்ணைத் திறந்தால் அருள் என் பக்கத்தில் நிற்கிறான், கயிறு இரண்டு சைக்கிளிலும் சுற்றிக் கிடக்கிறது.

அண்ணன் வேனுக்குள் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி ஏற்றியிருந்தது. இறங்கி வந்து சட்டைகளைப் பார்த்தார். இரண்டிலும் முதல் 'ஒன்று' மட்டும் மங்கலாக இருந்தது, மற்றது நீல வழிசல். மைக்கில், "மொதல் பரிசு, நம்பர் பன்னெண்டு, அருள்ராஜ்" என்றார்.

"நான்தானுங்ணா வந்தேன்" என்றேன்.

"எம் நெஞ்சுலதாம்ல துணி பட்டுச்சு" என்றான் அருள். மெதுவாகத்தான் சொன்னான்.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொழைக்க வந்த ஊர்ல பொய் பேசறயாடா?"

எல்லோரும் கேட்டார்கள். மைக்கும் கேட்டது. அருள் தலையிலிருந்த பையைக் கழற்றி, உதறி, நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்தான். பரிசை வாங்காமல் போய்விட்டான். அடுத்த வாரம் மேசைக்கு எதிரே வேறு ஆள் நின்றான். இழுப்பு சரியாக வரவே இல்லை.

இப்போது அந்த யூனிட் அட்டைப்பெட்டி குடோன். உள்ளே இந்தியில் பேசிக்கொள்கிறார்கள். மிசினை எடைக்குப் போட்டாயிற்று. பந்தயம் மறு வருடமே நின்றது. என் டீசர்ட்டைத் துவைத்த முதல் நாளே மிச்சமிருந்த 'ஒன்று'ம் போயிற்று, பிறகு அது வண்டி துடைத்தே கிழிந்தது. எதிரே நின்ற முகம் மட்டும் போகவில்லை.

அருளும் அந்தக் குழுவில் இருக்கிறான். போட்டோவைப் பார்த்துவிட்டான். ஒன்றும் எழுதவில்லை.

நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது நான். யார் முதலில் வந்திருந்தாலும் அது என் பாடு, அதே குழுவில் கேட்கிறேன். ஆனால் துரைசாமி அண்ணா, பொம்மை போட்டுச் சிரித்தது போதும். அன்றைக்குக் கயிறு அறும்போது நீங்கள் பார்த்தீர்களா, வேனுக்குள் இருந்தீர்களா? எனக்குத் தனியாக போன் செய்ய வேண்டாம். அவன் படிக்கிற இடத்தில், எல்லோரும் படிக்கிற இடத்தில், எழுதுங்கள்.