சோலான்ஜ் உட்காருவதில்லை

சோலான்ஜ் தெத்ரோ ஒயினைக் குடிப்பதில்லை, பானோஸ் உணவகத்தின் மூலையில் நிற்கும் செடிக்கு ஊற்றிவிடுகிறார் என்று ஒரு வதந்தி. பரப்பியவர் ரெழான். பூட்டுக்கடை வைத்திருப்பவர், அடுத்தவர் எதைப் பூட்டி வைத்தாலும் அவருக்குக் கை அரிக்கும். நான் போய்த் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். செடி பிளாஸ்டிக். மண்ணும் பிளாஸ்டிக். வதந்தியில் பாதி அங்கேயே செத்தது. மீதிப் பாதி என்னை விடவில்லை.

துலுத் தெருவிலுள்ள அந்த உணவகத்தில் ஒயின் விற்பதில்லை. இறைச்சி சுடுவது முதலாளி பானோஸ் வேலை, ஒயின் கொண்டுபோவது நம் வேலை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ரெழான், சோலான்ஜ், நான் உட்பட ஐந்து பேர் கூடுவோம். பெயர்ச்சீட்டு தெரியாதபடி ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு கம்பளிக் காலுறை. முகர்ந்து, சுவைத்து, எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு, அதைக் கொண்டுவந்தவர் ஒரு புதுப் பாட்டில் தர வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போக.

சோலான்ஜ் நகரப் பேருந்து ஓட்டுகிறார். வயது ஐம்பத்தாறு. வண்டியை விட்டிறங்கி, அரசாங்கக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி, வீட்டுப் பக்கமே போகாமல் சீருடையோடு நேரே வருவார். வந்ததும் உட்கார மாட்டார். “எட்டு மணி நேரம் உக்காந்தாச்சு. இங்கயும் உக்காரணுமா?” வலக்கையில் ஏதாவதொரு பாட்டில், இடக்கையில் தன் கோப்பை, மேசையைச் சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் ஊற்றுவார். போகிற போக்கில் உப்புக் குப்பியை நகர்த்துவார், அடுத்த சுற்றில் பழைய இடத்திலேயே வைப்பார். இந்தக் கோடியில் தொடங்கிய வாக்கியம் அந்தக் கோடியில்தான் முடியும்.

ரெழான் ஒயினை முகர்ந்தால் கண்ணை மூடிக்கொள்வார். “ஈரக் கல்லு... தூரத்துல ஒரு புகையிலைத் தோட்டம்...” சோலான்ஜுக்குத் தோட்டமெல்லாம் தெரியாது. “இது நவம்பர் மாசத்து பஸ்ஸு. கோட்டெல்லாம் நனைஞ்சிருக்கு. கடைசி சீட்டுல யாரோ செர்ரி மிட்டாய் சப்புறாங்க.” சொன்ன மாத்திரத்தில் நம் மூக்குக்கும் அது வந்துவிடும். முன்பெல்லாம் நாட்டோடு ஆண்டையும் சேர்த்துச் சொல்வார். கடைசிப் பதினோரு மாதமாக ஒன்றுகூடச் சரியில்லை. இத்தாலி என்பார், சிலியாக இருக்கும். “குடிக்கிறதும் இல்ல, மூக்கும் போச்சு” என்றார் ரெழான்.

போன செவ்வாய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று போனேன். சோலான்ஜின் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. குடிக்கக் குடிக்க என் கோப்பை குறையவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் அவர் நிற்கும்போது வலக்கை பக்கத்தாளுக்கு ஊற்றும். இடக்கை தன் கோப்பையை என் கோப்பையில் சாய்க்கும். புதன்கிழமைகளில் தலை கனப்பதற்கு வயதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கோட்டு மாட்டும் இடத்தில் பிடித்தேன். “செடி நான்தானா?”

“எழுதப்போறியா, பத்திரிகைக்காரா?”

“எழுதினாலும் ரெழானுக்குத் தெரியாத மொழியிலதான்.”

பொத்தானைப் போட்டார், கழற்றினார். “வீட்டுல தனியா ராத்திரிக்கு ஒரு பாட்டில்னு ஆயிடுச்சு. காலையில ஸ்டியரிங்கைப் பிடிச்சா கை நடுங்குச்சு. விட்டுட்டேன். இதுங்களுக்குத் தெரிஞ்சா பாவம்னு ஜூஸ் வாங்கி வைக்குங்க. ரெண்டு மாசம். மூணாவது மாசம் எனக்குச் சொல்லாமலே கூடிடுங்க. எனக்குன்னு இருக்கறது இந்தச் செவ்வாய்க்கிழமை ஒண்ணுதான்.”

“அப்ப தப்புத் தப்பா சொல்றது?”

“சரியாச் சொன்னா பாட்டில் வீட்டுக்கு வந்துடுமேய்யா.”

திரும்பி வந்தால், ரெழான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். “இன்னிக்கு நீ உக்காரும்மா. பானோஸ் ஊத்தட்டும். எல்லாரும் ஒரே மடக்கு!”

சோலான்ஜ் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். மேசைக்கடியில் கால் ஆடியது. தட்டுகள் லேசாகக் கிணுகிணுத்தன. எதிரில் கோப்பை நிறைய என் பாட்டில் ஒயின். எல்லோரும் குடித்து முடித்து அவரைப் பார்த்தார்கள். கோப்பையைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். வைத்தார். மறுபடி தூக்கினார்.

அவர் கீழே வைத்த நொடியில் நான் அதை எடுத்துக் குடித்துவிட்டேன்.

“அது அவ கிளாஸுய்யா!” ரெழான் எழுந்தே விட்டார்.

“அப்படியா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.”

“நல்ல ஆளுங்கப்பா! அந்த மூக்குக்கு எதை வெச்சாலும் ஒண்ணுதான். வாசனை தெரிஞ்சாத்தானே?”

கால் ஆட்டம் நின்றது. “போர்ச்சுகல்” என்றார் சோலான்ஜ். “நாலு வருஷத்துச் சரக்கு. தள்ளுபடியில வாங்கினது. இந்தக் கஞ்சப் பத்திரிகைக்காரன் கொண்டுவந்தது.”

பானோஸ் காலுறையை உருவினார். தள்ளுபடிச் சீட்டு உட்பட நான்கும் சரி. மேசை அதிர்ந்தது. ரெழானுக்குத் திறந்த வாய் மூடவில்லை. மூடியதும் முதலில் சட்டம்தான் பேசினார். “பத்திரிகைக்காரா, அவளுக்கு ஒரு பாட்டில் பாக்கி. தேதி சொல்லு. ஏமாத்தக் கூடாது!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோலான்ஜைப் பார்த்தேன். அவர் அதற்குள் எழுந்துவிட்டிருந்தார். பானோஸ் கையிலிருந்த என் சாம்பல் நிறக் காலுறையை வாங்கி, உதறி, நான்காக மடித்து, சீருடைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

“பாட்டில் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் இது அடமானம்.”

பிறகு உப்புக் குப்பியை எடுத்து மேசையின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்தார்.