ரயர் தின்னி

சின்ன வயதில் நான் ஒரு காரின் ரயரைத் தின்றுவிட்டேன் என்று எங்கள் சொந்தக்காரருக்குள் ஒரு கதை இருந்தது. கறுத்த ரப்பர் ரயர்தான், முன்பக்கத்து இடது சில்லில் பூட்டியிருந்தது. கடித்துத் தின்னவில்லை, மேலே இருந்து தின்றேன். கொழுத்த பிள்ளை ஒருத்தி நாள்தோறும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்து ரயர் தேயத்தானே செய்யும் என்று எங்கள் அம்மான் சொன்னார். அவர் சொன்னதை மறுத்துப் பேச அந்த நாளில் எங்கள் வீட்டில் ஆளில்லை.

அம்மான் என்றது அம்மாவின் தமையனை. மலாயாவில் ரெயில்வே உத்தியோகம் பார்த்து, பென்சனோடு திரும்பி, உடுவிலில் எங்களுக்கு அடுத்த வளவில் கல்வீடு கட்டியவர். வந்த கையோடு ஒரு காரும் வாங்கினார். மலாயாவில் மலைப்பாதைகளில் எல்லாம் தானே கார் ஓட்டியதாகச் சொல்லுவார். இங்கே மலை இல்லாதது அவருடைய துரதிர்ஷ்டம். ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் யாருடைய கழுத்தையோ நெரிப்பது போலப் பிடித்திருப்பார். எதிரே வண்டில் மாடு வந்தால் காரை நிறுத்தி, மாடு கடந்து போகும்வரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களைப் பெற்ற ஐயாவுக்குக் கொழும்பில் கிளாக்கர் வேலை. லீவுக்கு மட்டும் வந்து போவார். ஆகையால் வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அம்மானின் வாயைத்தான் பார்க்கவேண்டும். அக்காவுக்குச் சம்பந்தம் பேசியதும் அவரே. உடுப்பிட்டியில் மாமியின், அதாவது அவருடைய மனைவியின், சொந்தத்துக்குள் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை.

காரில் முன்னுக்கு, அம்மானுக்கு இடது பக்கத்தில், என் இடம். மாமியும் அம்மாவும் ஆம்பிளைக்குப் பக்கத்தில் இருக்கக் கூச்சப்பட்டுப் பின்னுக்குப் போய்விடுவார்கள். காலையில் அம்மான் அரசாங்கக் கச்சேரிப் பக்கம் போனால் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். நான் இறங்கும்போது மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அவர்கள் காரைப் பார்த்தார்களா, கதவுக்குள்ளிருந்து நான் என்னைப் பிடுங்கி எடுப்பதைப் பார்த்தார்களா என்று அப்போது யோசித்ததில்லை. நான் நல்ல கொழுகொழுத்த பிள்ளை. அது ஒரு குற்றம் என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லாத காலம்.

யுத்தம் வந்தது. மலாயா விழுந்தது. ரப்பர் மரம் எங்கள் நாட்டிலேயே நின்றும், ஒரு கார் ரயர் வாங்குவதற்குப் பெர்மிட் எடுக்க அம்மான் நடையாய் நடக்கவேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒருநாள் காரின் இடது முன் சில்லு காற்றுப் போய் இருந்துவிட்டது. அம்மான் சில்லைக் கழற்றி வளவுக்குள் உருட்டிவந்து மாமரத்தில் சாத்தினார். அவருடைய இரண்டு பொடியன்களும் அயலவர்களும் கூடிவிட்டார்கள்.

ரயரின் வெளிப்பக்க விளிம்பில் வெட்டுக் கோடுகள் புதிதாகவே இருந்தன. உள்பக்க விளிம்போ மழுங்கி, வழுக்கையாகி, ரப்பருக்கு உள்ளே இருந்த துணி தெரிந்தது. காரில் பூட்டியிருக்கும்போது உள்பக்கம் ஒருவர் கண்ணுக்கும் படாது. நான் அதில் கையை வைத்துத் தடவினேன். ஒரு பக்கமாகத் தடவ வழுவழுவென்று போனது. திருப்பித் தடவ அரத்தைப்போல உள்ளங்கையைப் பிறாண்டியது. நிமிர்ந்தபோது அம்மான் ரயரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“உவள் இருக்கிற பக்கம்தான் உது தேஞ்சிருக்கு,” என்றார் அம்மான். “பாரம் அமத்த அமத்த அச்சு வளையும். சில்லு உள்ளுக்குச் சாயும்.”

கீழே கிடந்த ஓர் ஈர்க்கை எடுத்து, ஒரு நுனியை விரலால் அமர்த்தி, அது வளைவதையும் காட்டினார். பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். விஞ்ஞானம் என்று நினைத்து நானும் ஆட்டினேன். அவருடைய மூத்த பொடியன்தான் “ரயர் தின்னி” என்று முதலில் சொன்னான். வேலிக்கு இந்தப்பக்கம் சொன்ன பெயர் அடுத்த நாள் எனக்கு முன்னமே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அம்மானுக்கு அதோடு திருப்தி வரவில்லை. என் பாரம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவேண்டும் என்று என்னைச் சுன்னாகச் சந்தைக்குக் கூட்டிப்போனார். அங்கே வெங்காய மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் ஒரு தட்டில் என்னைக் குந்தவைத்து, மற்றத் தட்டில் படிக்கல்லை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் சுற்றி நின்ற ஆம்பிளைகள் ஓர் ஓசை எழுப்பினார்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, பாவாடையைக் காலுக்குள் ஒடுக்கிக்கொண்டு, கண்ணை மூடினேன். கண்ணை மூடினால் பாரம் குறையும் என்று ஒரு நினைப்பு. வெங்காயத்தைவிட இது நல்ல விலை போகும் என்று யாரோ சொன்னார். அந்த வெட்கம் இன்றும் போகவில்லை. எந்தத் தராசைக் கண்டாலும் இந்த வயதிலும் எனக்கு உள்ளங்கால் கூசும்.

பெர்மிட் கிடைத்துப் புது ரயர் பூட்டியதும் என் இடம் பறிபோனது. பின்னுக்கு, அம்மானின் முதுகுக்குப் பின்னால், வலது பக்கத்தில் என்னை இருத்தினார்கள். முன் இருக்கைக்கு மாமி வந்தார். மாமி ஓர் அகப்பைக் காம்பின் தடிப்புத்தான் இருப்பார். அப்படியிருந்தும் சில மாதத்தில் இடது ரயரைக் கழற்றிப் பார்த்தபோது உள்விளிம்பு மறுபடியும் மழுங்கத் தொடங்கியிருந்தது. அம்மான் கொஞ்சமும் தளரவில்லை. பழைய பாரத்துக்கு அச்சுப் பழகிப்போய்விட்டது, இனி இவள் காரில் ஏறாமல் இருந்தால்தான் அது நிமிரும் என்றார். அன்று முதல் நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். கார் என்னைக் கடந்து போகும்போது பொடியன்கள் கையாட்டினார்கள்.

வலது பக்கத்துச் சில்லைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? அந்தப் பக்கம் இருந்தவர் அம்மான்.

அம்மா என் தட்டில் புட்டைக் குறைத்தார். முதலில் ஒரு பிடி, பிறகு இன்னொரு பிடி. நான் அழவில்லை, கேட்கவுமில்லை. ரயர் தின்னிக்குக் கேட்க என்ன உரிமை? ஒருநாள் மட்டும், அம்மான் சொல்லுறது சரிதானா அம்மா என்று கேட்டேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதி முடித்தும் திரும்பவில்லை.

“கொஞ்சம் மெலிஞ்சால் உனக்கும் நல்லதுதானே பிள்ளை,” என்றார்.

அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு கிணற்றடியில் குளிக்கும்போது அம்மா முதுகு தேய்க்க வந்தாலும் விடமாட்டேன். என் உடம்பை அவர் பார்ப்பதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்காவின் கலியாணம் எங்கள் வீட்டில் நடந்தது. தாலி கட்டி முடிந்தபின் பொம்பிளையும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்வருவதைக் கால்மாறிப் போவது என்போம். அதற்கு அம்மானின் கார்தான். அக்கா கூறைச்சேலையோடு நின்றுகொண்டு, தங்கச்சியும் தன்னோடு காரில் வரட்டும் என்று கேட்டார். அந்த வீட்டில் தனக்கு ஒருவரையும் தெரியாது என்றார். அம்மான் ரயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உடுப்பிட்டிவரை ஓடவேண்டும், இடையில் வல்லை வெளி, ஏதும் நடந்தால் வேறு நல்ல ரயருக்கு எங்கே போவது என்றார். அக்கா அம்மாவைப் பார்த்தார்.

“அவள் நிக்கட்டும்,” என்றார் அம்மா.

அவ்வளவுதான். கார் படலையைத் தாண்டிப் போவதை நான் பார்க்கவில்லை. பலகாரம் வைத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுற்றிவரப் பயித்தம் பணியாரமும் சிப்பியும் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒன்றைக்கூடத் தொடவில்லை. அதை யாராவது பார்த்திருக்கவேண்டும் என்று மட்டும் ஆசையாக இருந்தது.

அடுத்த நாள் அவர்கள் திரும்பி வந்தபோது கார் மெல்ல ஊர்ந்து வந்தது. அம்மான் இறங்கி ஒருவரோடும் கதைக்காமல் தன் வீட்டுக்குப் போனார். நடந்ததைக் கூடப் போய்வந்த மாமி சொன்னார். பின்னேரம், மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் இருந்து, பல நாளாக வாயைக் கட்டிவைத்திருந்தவர் அவிழ்த்துவிட்டதைப்போலச் சொன்னார்.

போகிற வழியில், வல்லை வெளியில், வீடு வாசல் ஒன்றும் இல்லாத இடத்தில், ரயர் வெடித்திருக்கிறது. வெடித்தது வலது பக்கத்து ரயர். பொம்பிளையும் மாப்பிள்ளையும் வெயிலில் இறங்கி நின்றார்கள். பழைய ரயர் ஒன்று ஒட்டுப்போட்டபடி பின்னால் கிடந்ததால் அதைப் பூட்டினார்கள். வெடித்ததைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் உள்விளிம்பு வழித்துத் துடைத்ததுபோல மழுங்கியிருந்தது. மாப்பிள்ளைக்கு யந்திரம் என்றால் பைத்தியமாம். பட்டுவேட்டியோடு மணலில் படுத்துக் காருக்குக் கீழே புகுந்துவிட்டார். தோளில் கிடந்த கலியாணச் சால்வையை எடுத்து, ஒரு நுனியை மாப்பிள்ளைத் தோழனிடம் கொடுத்து, இரண்டு முன் சில்லுகளுக்கும் இடையில் முன்பக்கம் இழுத்து அளந்தார். அதே அளவைச் சில்லுகளின் பின்பக்கம் பிடித்தபோது சால்வை தொய்ந்து தொங்கியது. பின்பக்கம் இடைவெளி குறைவு.

“ரெண்டு சில்லும் கோவிச்சுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பாக்குது, மாமா,” என்று அம்மானுக்குச் சொன்னாராம்.

சில்லுகள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புத் தண்டு வளைந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்கு நேரே போகிற காரில் ஒரு சில்லு மானிப்பாய்க்கும் மற்றது உரும்பிராய்க்கும் போக நினைத்தால் என்ன ஆகும்? கார் விடாது. இரண்டையும் தெருவோடு இழுத்துக்கொண்டு போகும். இழுபடுகிற ரப்பர் ஒவ்வொரு முழத்துக்கும் கொஞ்சம் தெருவில் உராய்ந்துகொண்டே வரும். இரண்டு சில்லிலும் உள்விளிம்புதான் முதலில் போகும். காரில் யார் எங்கே இருந்தாலும் போகும். எங்கேயோ பலமாக முட்டியிருக்கிறது என்று மாப்பிள்ளை சொல்ல, அம்மான் வானத்தைப் பார்த்தாராம்.

“சம்பந்தம் கதைக்க முதன்முதல் உடுப்பிட்டிக்குப் போய் வரேக்கை மதகிலை முட்டினது,” என்றார் மாமி, என்னைத் திரும்பிப் பார்த்து. “அவரும் நானும் உன்ரை அம்மாவுந்தான் காருக்குள்ளை. மலாயாவிலை கார் ஓட்டின மனிசனெண்டு அங்கை பெரிசாச் சொல்லிப்போட்டு வந்தனாங்கள். அந்த மானம் போகுமெண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.”

மதகு என்றதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை. வலது பக்கத்து ரயர். நான் ஏறாத கார். அது மட்டும் காதுக்குள் நின்றது. எழும்பி ஓடினேன்.

அம்மா கிணற்றடியில் கலியாணப் பானைகளைச் சாம்பல் போட்டு உரஞ்சிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். சால்வை தொய்ந்ததையும், தண்டு வளைந்ததையும், மதகையும், ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்வதைப்போலச் சொன்னேன். “நானில்லையாம் அம்மா, சில்லாம்,” என்றேன்.

அம்மாவின் கை நின்றது.

“ஓம் பிள்ளை,” என்றார் மெதுவாக. “எனக்குத் தெரியும்.”

அம்மா என்ன செய்திருக்கமுடியும் என்று நான் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். தமையனின் மானம் போனால் அவர் பேசிய சம்பந்தம் குழம்பும். அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கினால் கலியாணத்தை நடத்த ஆளில்லை. இரண்டு பெண்பிள்ளைகளில் ஒருத்தியின் வாழ்க்கைக்கு மற்றவளின் வெட்கத்தைக் கொடுத்தார். அந்த வெட்கம் சின்னது, சின்னப் பிள்ளை மறந்துவிடும் என்று நினைத்திருப்பார். எனக்கும் பெண்பிள்ளைகள் பிறந்தபின் அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் புட்டைக் குறைத்த அந்தக் கையை நினைத்தால் மனம் இன்னும் சுருங்குகிறது. அது அவருக்காகவா எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று எனக்கு இவை ஒன்றும் தெரியாது. அம்மா சொன்னதை நான் என்மேல் வைத்த நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். ஊர் முழுக்க என்னைச் சொன்னபோதும் என் அம்மா என்னைச் சந்தேகிக்கவில்லை, பாவம், அண்ணைக்குப் பயந்து பேசாமல் இருந்திருக்கிறார். சாம்பல் கையோடு இருந்தவரைக் கட்டிப்பிடித்தேன். பிறகு அந்தக் கிழமை முழுவதும், கலியாணம் விசாரிக்க வந்த ஒவ்வொருவர் முன்னும் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்திச் சொன்னேன். எல்லாரும் என்னைத்தான் சொன்னார்கள், எங்கள் அம்மாவுக்கு மட்டும் முதலிலிருந்தே தெரியும் என்றேன். அம்மா ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தன்னைப் புகழ்ந்தால் அம்மாவுக்குக் கூச்சம் என்று நினைத்து, அடுத்தவரிடம் இன்னும் பலமாகச் சொன்னேன்.