பேச்சியம்மாளுக்கு நான் கொடுத்த விடைகள்

ஒரு பிள்ளையின் படிப்பை நான் கெடுத்தேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே கெடுத்தேன். அதற்காக எனக்குக் கைதட்டலும் கிடைத்தது!

நான்கு வருடமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்... சொல்லிவிட்டதால் நல்லவள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கம்பத்தை அடுத்த ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. 2006-இல் எங்களுக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்தன. விளையாட்டாகவே பாடம் படிக்கலாம் என்று சில சிடிக்களும் கூடவே வந்தன. பின்னக் கணக்குக்கு ஒரு தவளை. சரியான விடையின் எண்ணை அழுத்தினால் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவும். தவறினால் தொபுக்கென்று கிணற்றில் விழும்.

ஏழாம் வகுப்புப் பேச்சியம்மாளைப் பள்ளிக்கு இழுத்து வந்தது அந்தத் தவளைதான். அதுவரை வாரத்தில் பாதி நாள் அம்மாவோடு ஜீப் ஏறி மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவாள். இப்போதோ, மணி அடிக்குமுன்பே கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றாள். தவளை விழும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரிப்பாள். "இருங்க டீச்சர்... அரையை விடக் கால் சின்னதுல்ல, மறந்துட்டேன்" என்று தானே திருத்திக்கொள்வாள். நான் கரும்பலகையில் எழுதி எழுதி ஏறாதது ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான்... ஆனால் ஏறிக்கொண்டிருந்தது!

எனக்குத்தான் பொறுமை இல்லை.

அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. கெட்டிக்காரப் பிள்ளையை உட்காரவைத்தால் யார் வியப்பார்கள்? பதிவேட்டில் 'மெல்லக் கற்கும் மாணவி' என்று இருப்பவள் விளையாடிக் காட்டினால்தானே என் பெயர் நிற்கும்! அந்தச் சிடியை எத்தனை முறை போட்டாலும் கேள்விகள் ஒரே வரிசையில்தான் வரும் என்று கண்டுபிடித்திருந்தேன். இருபது விடைகளின் எண்களையும் தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன். மூன்று, ஒன்று, ஒன்று, நான்கு...

"கேள்வியைப் படிக்காத. இதை மட்டும் மனப்பாடம் பண்ணு."

"அப்ப தவளை விழவே விழாதா டீச்சர்?" என்றாள். முகம் வாடியது. பார்த்தும் பார்க்காதவள் போல இருந்துவிட்டேன்.

அன்று தவளை ஒரு முறைகூட விழவில்லை. அதிகாரிகள் மகிழ்ந்துபோய், தேனியில் நடக்கும் ஆசிரியர் கூட்டத்திலும் அவளை விளையாடிக் காட்டச் சொன்னார்கள். மறுக்க எனக்கு வாய் வந்ததா? புகழாசை யாரை விட்டது!

தேனியில் இருந்தது வேறு சிடி. அதே தவளை, வேறு கேள்விகள். பேச்சியம்மாள் கேள்விகளைப் பார்க்கவே இல்லை. மூன்று, ஒன்று, ஒன்று, நான்கு... தவளை தொபுக் தொபுக்கென்று விழுந்துகொண்டே இருந்தது. மண்டபம் சிரித்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன டீச்சர் இது?" என்றார் மேடையிலிருந்த ஓர் அதிகாரி.

"மக்குப் பிள்ளை சார். என்ன சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது" என்றேன்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை!

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா மரியாதையாகத்தான் பேசினாள்.

"மேடையில வச்சு நீங்களே சொன்னீகளாம்ல, இவளுக்குப் படிப்பு ஏறாதுன்னு. டீச்சர் சொன்னா சரியாத்தான இருக்கும்? தோட்டத்துக்கே கூட்டிட்டுப் போன்னு அவ அப்பாவும் சொல்லிட்டாக."

நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நானோ, பேச்சியம்மாளைக் கூப்பிடச் சொன்னேன்.

பேச்சியம்மாள் வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்த நம்பரைத் தப்பா மனப்பாடம் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன் டீச்சர், தெரியல. உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். கோவிச்சுக்காதீக..."

ஐயோ! அவள் எதையும் தப்பாக மனப்பாடம் செய்யவில்லை. இருபதும் சரியான வரிசை. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அப்பாவும் உள்ளேதான் இருந்தார்...

"பரவாயில்ல, விடு" என்றேன். அவளை மன்னித்துவிட்டு வந்தேன்!