சத்தம் வராத மிக்ஸி

கருகின மோட்டார் காயிலின் வாசனையோடு பழைய தேங்காய் சட்னி வாசனையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்கு நன்றாகத் தெரியும். தேனாம்பேட்டையில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்யும் ஒரு சர்வீஸ் சென்டரில்தான் எனக்கு முதல் வேலை. காலேஜ் முடித்த கையோடு கவுன்ட்டரில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் ஃபரீதா அக்கா. ராயப்பேட்டைக்காரர், என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். அவருக்கு ஒரு பழக்கம்... யாராவது கத்திக்கொண்டே உள்ளே வந்தால், கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு போய் அவர்கள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார். முகத்தைப் பார்த்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்பார். "வேலையப் பாக்குதா, கதை கேக்குதா?" என்று மேனேஜர் முணுமுணுப்பார். அக்கா கண்டுகொள்ளவே மாட்டார்.

அப்போதுதான் தனலட்சுமி அம்மா வர ஆரம்பித்தார். மயிலாப்பூரில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருந்தவர். அதே மிக்ஸியைத் திரும்பத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவார். புகாரும் அதேதான்... மிக்ஸி சத்தமே போடவில்லையாம்.

உள்ளே எடுத்துப்போய் ஓடவிட்டால் மேஜையே அதிரும். ஊரெல்லாம் மிக்ஸி சத்தம் தாங்கவில்லை என்று வருகிறது, இந்த அம்மாவுக்குச் சத்தம் போதவில்லையாம் என்று மெக்கானிக்குகளிடம் ஒரே கிண்டல். ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

ஒருநாள் அக்கா பெஞ்சுக்குப் போனார். மிக்ஸியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடை எப்படிப் போகிறது என்றுதான் கேட்டார். அந்த அம்மா கொட்டித் தீர்த்துவிட்டார். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்களாம். வடை கேட்டால் இட்லி வைக்கிறாள், கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறாள், திமிர் பிடித்தவள் என்று பேச்சாம். பெற்ற மகளே முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்றார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சுவர் காலண்டரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டீ சொல்லட்டுமாம்மா?" என்றார்.

பதில் இல்லை.

திரும்பி, முகத்துக்கு நேராக அதையே கேட்டார்.

"சொல்லு கண்ணு. சக்கர கம்மியா."

கவுன்ட்டரில் இருந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த அம்மா இவ்வளவு நேரமும் அக்காவின் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். அது அவருக்கே தெரியாது.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மிக்ஸி நல்லாத்தான் இருக்கும்மா. காதை ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

தனலட்சுமி அம்மா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ... அவுங்கல்லாம் மெய்யாலுமே என்னிய கூப்ட்டுக்கினுதான் இருந்தாங்களா?"

அன்றைக்கு அக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டு, அவரை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காதுக்குள் ரொம்ப நாளாகவே சீழ் கட்டியிருந்ததாம். வைத்தியத்தில் ஒரு காது நன்றாகவே தேறியது, இன்னொன்று ஓரளவுக்கு.

பிறகு ஒரு காலையில் அந்த அம்மா எங்கள் எல்லோருக்கும் இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். கூடவே மகளும்.

"இன்னா கண்ணு, இந்த மிக்ஸி இந்தக் கத்து கத்துது. கொஞ்சம் கொறைச்சுக் குடுக்க மாட்டீங்களா?"

கிண்டல் செய்த மெக்கானிக்குகள்தான் முதலில் சிரித்தார்கள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் அந்த பெஞ்சை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது. ஒரு மனுஷி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே கண்டுபிடித்தார்...

போன வாரம் அடையாறில் எங்கள் வீட்டு மிக்ஸி மக்கர் பண்ணியது. இப்போது எல்லாம் ஃபோன் ஆப்தான். உட்கார்ந்த இடத்திலேயே புகார் கொடுக்கலாம், வசதிதான், குறை சொல்ல மாட்டேன். என்ன பிரச்சினை என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. அதில் 'அதிக சத்தம்' இருந்தது. சத்தமே வரவில்லை என்று சொல்ல இடமே இல்லை.

அந்தப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். தனலட்சுமி அம்மா இதில் எதை அழுத்தியிருப்பார்?