பெரியவர் லீவில் போன எபிசோட்

குட்டிண்ணே, நீ எனக்குச் சொன்னதில் எது உண்மை, எது நீயாகக் கட்டிவிட்டது என்று உன்னிடமே கேட்க வேண்டும். கேட்க நீ இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் இருக்கட்டும்.

உன் கருமாதிக்கு உன் கூட்டாளிகள் இரண்டு பேர் தெல்தோட்டைக்கு வந்தார்கள். ஒருவர் கண்டியில் உன்னோடு போன் திருத்துகிற கடையில் வேலை செய்தவர், நம்மைப் போலத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. மற்றவர் பேராதனை கெம்பஸில் படிக்கிற யாழ்ப்பாணத்துக்காரர். உங்கள் மூன்று பேரையும் ஒட்டவைத்தது அந்த விண்வெளிக் கப்பல் நாடகம். நாம் பிறப்பதற்கு முன்பே தொடங்கி, இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருப்பது. பழைய எபிசோட் நல்லதா, புதுசு நல்லதா என்று நீ போனில் கத்துவதைக் கேட்டு அம்மா ஒருநாள், "நமக்கு ஏதுடா காணி, இப்புடிச் சண்ட புடிக்க?" என்று கேட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும்.

சாப்பிட்டு முடித்து வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்ததும் அதையேதான் தொடங்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பால் போடாத பிளேன்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

"புதுசுல கெடுத்துட்டானுங்க மச்சான். செத்த பெரியவரக் கொண்டாந்து நிப்பாட்டிட்டானுங்க," என்றார் கடை அண்ணன்.

"ஓம், பழசில செத்தா செத்ததுதான். பெரியவற்ற அந்த எபிசோட் மாதிரி இனி இவங்களால எடுக்கேலாது. இது சும்மா ஏமாத்து," என்றார் கெம்பஸ் அண்ணன்.

பெரியவரை எனக்கும் தெரியும். கப்பலில் எஞ்சின் பார்க்கிற நரைத்த தலைக்காரர். அவரை எனக்குக் காட்டியதே நீதானே. நாடகத்தில் பேசுவது இங்கிலீஷ், கீழே ஓடுகிற எழுத்து சிங்களம். எனக்கு இரண்டும் எட்டாது. பஸ்ஸில் இறங்கும் இடம் சொல்லவும் கடையில் விலை கேட்கவும்தான் என் சிங்களம் போதும். நீ வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வாய். உன் வாயில் கப்டன் நம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஆகிவிடுவார். "ஏய், பேருக்கு நிக்காத, வேலயப் பாரு!" ரோபோவுக்கு மூக்கடைத்த குரல். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

அந்தத் தைரியத்தில் சொன்னேன்: "பெரியவரு எங்கண்ணே செத்தாரு? அவரு லீவுல ஊருக்குத்தானே போனாரு. பொறகு வேற கப்பலுக்கு மாத்திட்டாங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"லீவோ? ஆர் குடுத்தது, தோட்டத்துத் துரையோ?" என்றார் கெம்பஸ் அண்ணன்.

"சிரிக்காதீங்க. அவரு வெளிய இருட்டுல மெதந்து போனாரு, கயிறு போட்டு உள்ள இழுத்தாங்க, பொறகுதான் லீவு குடுத்தாங்க. கப்டன் சந்தோசத்துல அழுதாரு. எங்கண்ணே வாசிச்சு சொல்லுச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. கடை அண்ணன் போனில் அந்த எபிசோட்டைத் தேடி எடுத்தார். நான் பார்த்த அதே இடம். கப்டன் ஒரு வெறும் இருக்கைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு இருக்கிறார். வாசிங்க என்றேன்.

"'அவர் இனி வரமாட்டார். கதவ மூடுங்க.'" இரண்டே வரி. பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார். "போதும் தங்கச்சி. எப்ப பாத்தீங்க இத?"

"அப்பா செத்த வருஷம்."

கெம்பஸ் அண்ணன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "இந்த எபிசோட்டுக்காக மற்ற ஆக்களோட ஆகக் கூடச் சண்டை பிடிச்சது அவன்தான்," என்றார். "செத்த ஆளைத் திருப்பிக் கொண்டு வாறது கோழைத்தனமெண்டு சொல்லுவான்."

கோழைத்தனமாம்! கூட்டாளிகளுக்குச் செத்தது செத்ததுதான். தங்கச்சிக்கு மட்டும் லீவு. புதுசை எடுத்தவர்கள் இப்போது செய்ததை நீ எனக்கு அப்போதே செய்துவிட்டாய், அதற்குப் பிறகு அவர்களைத் திட்டிக்கொண்டும் இருந்திருக்கிறாய். அப்பா இல்லாத வீட்டில் சின்னப் பிள்ளை அழுமே என்று மாற்றிச் சொன்னாய், சரி. நான் வளர்ந்தேனே. எப்போது சொல்லலாம் என்று இருந்தாய்?

"பாசத்துலதானே சொல்லியிருக்கான், கோவிக்காதீங்க," என்றார் கடை அண்ணன்.

என் கோபம் அந்த நாடகத்தில் இல்லை என்று அவருக்கு எப்படி விளங்கும்? என் நினைப்பு பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. டெங்குவோடு நீ படுத்திருந்த கடைசிப் பின்னேரம், டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உன்னிடம் சிங்களத்தில் கனநேரம் பேசினார். எனக்குப் பிடிபட்டது 'லே' என்ற ஒரு சொல். இரத்தம்.

"என்னண்ணே சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ஒன்னுமில்லடி. ரத்தம் கூடிக்கிட்டு வருதாம். நாளைக்கு போறதுக்குச் சீட்டு வெட்டி வீட்டுக்கு விட்டுருவாங்களாம். பஸ்ஸ விட்டுறாம போ, அம்மா தனியா இருக்கும்."

நம்பினேன். எப்போதும் நம்பியதைப் போலவே. பஸ் ஏறினேன். விடியும்போது நீ போய்விட்டாய், பக்கத்தில் நம் ஆள் ஒருவரும் இல்லாமல்.

டாக்டரம்மா உண்மையாகவே அப்படிச் சொன்னாரா, அல்லது அதையும் மாற்றிச் சொல்லி என்னை அனுப்பிவிட்டாயா? அந்தச் சந்தேகத்தை அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

கெம்பஸ் அண்ணன் எழுந்தே விட்டார். "எனக்கு அங்க ஆக்களைத் தெரியும். நான் போய் விசாரிச்சுக்கொண்டு வந்து சொல்லட்டோ?"

அவர் நல்ல மனிதர், எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்: "வேணாண்ணே. என் மூஞ்சியப் பாத்துட்டு நீங்களும் மாத்தித்தான் சொல்லுவீங்க. எத நம்புறது நானு?"

அவர் திரும்ப உட்கார்ந்தார்.

இதை வாசிக்கிறவர்களே, அவன் நல்ல இடத்தில் சுகமாக இருக்கிறான் என்று என்னிடம் சொல்ல வராதீர்கள். சொல்லிக் கேட்டது எனக்குப் போதும். கோயிலுக்குப் போனாலும் பள்ளிவாசலுக்குப் போனாலும் மாதா முன்னால் மெழுகுதிரி வைத்தாலும், தனியாகப் போன என் அண்ணனுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுக்கொள்ளுங்கள்.